தின் கிளையன்ட் பெட்டிக்குள்ளேயே பாஸ்வேர்டைப் போட்டு வைக்கலாமா?

கோத்தகிரி லேப் | 21 அக்டோபர் 2024, காலை 9:20

கோத்தகிரியில் ஒரு பயிற்சி மையம். 14 தின் கிளையன்ட் (சர்வரோட திரையைக் காட்டற சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி), எல்லாம் செகண்ட் ஹேண்ட். 10-ல் விண்டோஸ் 10 ஐஓடி, 4-ல் லினக்ஸ். மாடியில் விண்டோஸ் சர்வர் 2019, அதுல ரிமோட் டெஸ்க்டாப், அதாவது வேலை எல்லாம் சர்வர்ல ஓடும், பெட்டியில திரை மட்டும் தெரியும். டொமைன் (எல்லாக் கணக்கையும் ஒரே இடத்துல வைக்கற ஏற்பாடு) கிடையாது, வெறும் ஒர்க்குரூப்தான், ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனித்தனி. ராத்திரி கரண்ட் போய் வந்தா மறுநாள் காலையில மூணு விதத் தொல்லை.

சில பெட்டியில நேத்து போட்ட சர்வர் முகவரியே காணோம், பழையது வந்து நிக்குது. சிலதுல பாஸ்வேர்டு சரியா அடிச்சாலும் தப்புங்குது. சிலது சர்வரையே பார்க்க மாட்டேங்குது, இன்னொரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா வந்துடுது.

பசங்க வர்றதுக்குள்ள 14-ஐயும் ஒவ்வொண்ணா எழுப்ப முடியல. அதனால யூசர் நேம், பாஸ்வேர்டு ரெண்டையும் பெட்டிக்குள்ளேயே சேமிச்சு, சுவிட்ச் போட்டதும் நேரா டெஸ்க்டாப் வர்ற மாதிரி பண்ணிடலாம்னு இருக்கேன். எல்லாத்துக்கும் ஒரே லாகின். சரிதானே?

குன்னூர் சர்வர் | 21 அக்டோபர், 10:05

சரியில்லை. மூணும் தனித்தனிக் கோளாறு. பாஸ்வேர்டை உள்ளே போட்டா மூணும் அப்படியே இருக்கும், நாலாவதா ஒண்ணு சேரும்.

முதல்ல இதைச் சொல்லுங்க. ரைட் ஃபில்டர் ஆன்ல இருக்கா? பாஸ்வேர்டுல @ இருக்கா? தப்புங்கற பெட்டியில தேதி என்ன காட்டுது?

கோத்தகிரி லேப் | 21 அக்டோபர், 11:32

ஃபில்டர்னா என்னன்னே தெரியல. பாஸ்வேர்டுல @ இருக்கு. ரெண்டு பெட்டியில தேதி 2016 ஜனவரி 1. பார்க்காமலே எப்படி சார் கேட்டீங்க?

குன்னூர் சர்வர் | 21 அக்டோபர், மதியம் 1:15

செகண்ட் ஹேண்ட் பெட்டி வாங்கினா இந்த மூணும் கூடவே வரும், அதான்.

ரைட் ஃபில்டர்: விண்டோஸ் ஐஓடி பெட்டியில யுடபிள்யூஎஃப்னு ஒண்ணு ஓடிக்கிட்டிருக்கும். நீங்க டிஸ்க்குல எழுதறதை எல்லாம் அது மெமரியில ஒரு தனி இடத்துல பிடிச்சு வச்சுக்கும். ரீஸ்டார்ட் ஆனதும் அத்தனையும் போயிடும், பழைய நிலை வந்துடும். உள்ளே இருக்கற சின்ன ஃபிளாஷ் தேயாம இருக்கவும், யாராவது எதையாவது நோண்டினா தானாச் சரியாகவும்தான் அந்த ஏற்பாடு. உங்க சர்வர் முகவரி காணாமப் போறது கோளாறே இல்லை. பெட்டி தன் வேலையை ஒழுங்கா செய்யுது.

மாத்தற முறை:

பெட்டி தானா 'யூசர்' கணக்குல நுழைஞ்சிருக்கும். லாக் ஆஃப் கொடுக்கும்போது இடது ஷிஃப்ட்டை அழுத்திப் பிடிச்சுக்குங்க, விட்டுடாதீங்க. அப்பதான் ஆட்டோ லாகின் விலகி யார்னு கேட்கும். அட்மின் கணக்குல போங்க. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராத் திறந்து, யுடபிள்யூஎஃப் மேனேஜர் கட்டளையால ஃபில்டரை டிஸேபிள் பண்ணி ரீஸ்டார்ட். மறுபடி யூசர்லதான் நுழையும், மறுபடி ஷிஃப்ட். இப்ப மாத்த வேண்டியது எல்லாத்தையும் ஒரே மூச்சுல மாத்துங்க. பிறகு எனேபிள், இன்னொரு ரீஸ்டார்ட். அந்த ரீஸ்டார்ட்டுக்கு அப்புறமும் நிக்குதான்னு பார்க்காம அடுத்த பெட்டிக்குப் போகாதீங்க.

இன்னொண்ணு. அந்தத் தனி இடத்தோட அளவு வழக்கமா 1024 எம்பி. விண்டோஸ் அப்டேட் தானா இறங்க ஆரம்பிச்சா மதியத்துக்குள்ள அது ரொம்பிடும், பெட்டி திணறும். ரீஸ்டார்ட் ஆனதும் இறங்கினது எல்லாம் போய், மறுபடி முதல்ல இருந்து இறங்கும். அப்டேட்டைத் தானா ஓட விடாம, மாசம் ஒரு தடவை ஃபில்டரை எடுத்துட்டு நீங்களே போடுங்க.

குன்னூர் சர்வர் | 21 அக்டோபர், 1:40

@ விஷயம் தனியா.

செகண்ட் ஹேண்ட் பெட்டி நிறைய வெளிநாட்டு ஆபீஸ்ல இருந்து கழிச்சு விட்டது. உள்ளே கீபோர்டு அமைப்பு பிரிட்டிஷ். நாம வச்சிருக்கற கீபோர்டு அமெரிக்க அமைப்பு. அதுல ஷிஃப்ட் 2 அடிச்சா @. பிரிட்டிஷ்ல அதே கீக்கு இரட்டை மேற்கோள் குறி விழும். ஷிஃப்ட் 3-க்கு # விழாது, பவுண்டு குறி விழும். பாஸ்வேர்டு கட்டத்துல எல்லாம் புள்ளியாத் தெரியறதால யாருக்கும் புரியாது.

சோதிக்க சுலப வழி: யூசர் நேம் கட்டத்துல @ அடிச்சுப் பாருங்க. அங்கே கண்ணுக்குத் தெரியும்.

கன்ட்ரோல் பேனல்ல ரீஜன், அதுல அட்மினிஸ்ட்ரேட்டிவ், அங்கே காப்பி செட்டிங்ஸ். வெல்கம் ஸ்கிரீன், புது யூசர் ரெண்டுக்கும் டிக் போடணும். உங்க கணக்குல மட்டும் மாத்தினா லாகின் திரை பிரிட்டிஷாவேதான் இருக்கும். இதையும் ஃபில்டர் எடுத்த நிலையிலதான் செய்யணும்னு சொல்லத் தேவையில்லை.

தேதி 2016 காட்டினா மதர்போர்டு பேட்டரி போச்சு. சிஆர் 2032, 3 வோல்ட் காயின் செல், வாட்ச் கடையில கிடைக்கும். சில பெட்டியில வயர் வச்ச செல் இருக்கும், திறந்து பார்த்துட்டு வாங்குங்க. தேதி 5 நிமிஷத்துக்கு மேல தப்பினா கெர்பராஸ்ங்கற லாகின் சரிபார்ப்பு முறை ஏத்துக்காது, அதனாலயும் பாஸ்வேர்டு தப்புன்னு வரும்.

கூடலூர் மழை | 21 அக்டோபர், இரவு 8:50

அண்ணே, கடைசி வரியில ஒரு திருத்தம். அவர்கிட்ட டொமைனே இல்லை. ஒர்க்குரூப்னா கெர்பராஸ் வேலையே இல்லை, என்டிஎல்எம்ங்கற இன்னொரு சரிபார்ப்பு முறைதான். டொமைன் இருக்கற இடத்துல கூட, பேர் போடாம ஐபி நம்பர் போட்டு இணைச்சா பெரும்பாலும் என்டிஎல்எம்முக்குத்தான் போகும். அவருக்குப் பாஸ்வேர்டு தப்புங்கறது @-ஆலதான், தேதியால இல்லை.

ஆனா செல்லை மாத்தறது வீண் இல்லை. கேட்வே (வெளியே இருந்து சர்வருக்குப் போற வாசல்) வழியாவோ பிரவுசர் வழியாவோ போறவங்களுக்குத் தேதி 2016-ல நின்னா சர்ட்டிபிகேட் (சர்வரோட அடையாளச் சான்று) எல்லாம் இன்னும் பிறக்கலைன்னு சொல்லும்.

குன்னூர் சர்வர் | 21 அக்டோபர், 9:30

ஒத்துக்கறேன். ஒர்க்குரூப்னு அவர் முதல் பதிவுலயே எழுதியிருக்கார், நான்தான் பழக்கதோஷத்துல எழுதிட்டேன். டொமைன் வச்சிருக்கறவங்களுக்கு அந்த 5 நிமிஷக் கணக்கு பொருந்தும். அவங்களுக்கு இன்னொரு பொறியும் உண்டு. டொமைன்ல இருக்கற பெட்டி 30 நாளுக்கு ஒரு தடவை தன் சொந்த பாஸ்வேர்டைத் தானா மாத்திக்கும். ஃபில்டர் ஆன்ல இருந்தா பெட்டியில பழையது திரும்பி வரும், டொமைன்ல புதுசு இருக்கும், உறவு முறிஞ்சுடும். யுடபிள்யூஎஃப்ல அந்த ரகசியத்தை மட்டும் காப்பாத்தி வைக்க ஒரு ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்பை எழுதி வைக்கற இடம்) விதிவிலக்கு இருக்கு. அதைப் போட்டுடணும்.

கோத்தகிரி லேப் | 23 அக்டோபர், மாலை 5:10

6 பெட்டி முடிஞ்சது. யூசர் நேம் கட்டத்துல @ அடிச்சேன், அப்படியே மேற்கோள் குறி விழுந்தது. ரெண்டு மாசமா பாஸ்வேர்டை மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டிருந்தேன்.

ஒரு பெட்டிக்கு 25 நிமிஷம் ஆகுது. மூணாவது தொல்லை மட்டும் அப்படியே இருக்கு. காலையில மெயின் போட்டதும் நாலஞ்சு பெட்டி சர்வரைப் பார்க்கல. ஐபி பார்த்தா 169.254-ல ஆரம்பிக்குது.

கூடலூர் மழை | 23 அக்டோபர், இரவு 9:05

டிஎச்சிபி, அதாவது பெட்டிக்குத் தானா ஐபி நம்பர், கொடுக்கறது எது? ரவுட்டரா, சர்வரா? நெட்வொர்க் சுவிட்ச் எந்த மாதிரி?

கோத்தகிரி லேப் | 23 அக்டோபர், 9:20

சர்வர்தான் கொடுக்குது. சுவிட்ச் பழைய மேனேஜ்டு (உள்ளே போய் அமைப்பை மாத்தக்கூடியது) 24 போர்ட், ஒரு ஆபீஸ் காலி பண்ணும்போது வாங்கினது.

கூடலூர் மழை | 23 அக்டோபர், 10:15

அப்ப கதை தெளிவு. கரண்ட் வந்ததும் முதல்ல எழுந்திருக்கறது பெட்டி. சுவிட்ச்சுக்கு அதை விட நேரம் ஆகும். சர்வர் பல நிமிஷம் எடுக்கும். பெட்டி 'எனக்கு ஒரு ஐபி கொடு'ன்னு கேட்கும்போது கொடுக்க ஆளே இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துட்டு 169.254-ஐத் தானே எடுத்துக்கும். பிறகு 5 நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் திரும்பக் கேட்கும். அதுக்குள்ள நீங்க பொறுமை இழந்து ரீஸ்டார்ட் பண்றீங்க, அப்ப சர்வர் தயாரா இருக்கும், வந்துடுது.

சர்வர் ஓடிக்கிட்டே இருந்தாலும் மேனேஜ்டு சுவிட்ச்ல இன்னொரு தாமதம் உண்டு. ஸ்பேனிங் ட்ரீ (கேபிள் வளையமாகிடாம பார்த்துக்கற வசதி) ஆன்ல இருந்தா, ஒரு போர்ட்டுல ஆள் வந்ததும் 15 நொடி கேட்டுக்கிட்டிருக்கும், இன்னொரு 15 நொடி கத்துக்கும். ஆக 30 நொடி எதையும் கடத்தாது. பெட்டி மாட்டியிருக்கற போர்ட்டுக்கு மட்டும் அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கற போர்ட்ஃபாஸ்ட் போடுங்க, சில சுவிட்ச்ல எட்ஜ் போர்ட்னு இருக்கும். சுவிட்சுக்கும் சுவிட்சுக்கும் போற போர்ட்டுக்குப் போட்டுடாதீங்க, யாராவது ஒரு கேபிளைத் தப்பா மாட்டினா நெட்வொர்க் முழுக்கச் சுத்திச் சுத்தி நின்னுடும்.

அதோட சர்வர் யூபிஎஸ்லயே சுவிட்சையும் மாட்டுங்க. இழுக்கறது கொஞ்சம்தான்.

குன்னூர் சர்வர் | 24 அக்டோபர், காலை 7:50

சேர்த்துக்குங்க: பெட்டியோட பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி ஓடற அடிப்படை அமைப்பு) 'கரண்ட் வந்த பிறகு' என்ன செய்யணும்னு ஒரு வரி இருக்கும். அதை ஆஃப்னு வச்சுட்டு, சர்வர் முழுசா எழுந்த பிறகு சர்வர்ல இருந்தே வேக் ஆன் லேன் (நெட்வொர்க் வழியா எழுப்பற செய்தி) அனுப்பி 14-ஐயும் எழுப்பலாம். சின்ன ஸ்கிரிப்ட்தான், மேக் முகவரி (ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் உள்ள தனி எண்) 14 இருந்தா போதும்.

கூடலூர் மழை | 24 அக்டோபர், 8:30

எழுப்பலாம், எல்லா பெட்டியிலும் இல்லை. கரண்ட் முழுசாப் போய் வந்தா சில மாடல்ல நெட்வொர்க் கார்டு ஒரு தடவை ஓஎஸ் ஏறி இறங்கற வரைக்கும் காது கேட்காது. சாதாரணமா ஷட்டவுன் பண்ணினா எழுந்திருக்கும், கரண்ட் போனா எழுந்திருக்காது. நமக்கு வேண்டியதோ ரெண்டாவது.

குன்னூர் சர்வர் | 24 அக்டோபர், 8:45

அதுவும் சரி. அப்ப பழைய வழி: 14 பெட்டிக்கும் சேர்த்து தனியா ஒரு எம்சிபி (கரண்ட் பிரேக்கர்), பயாஸ்ல 'ஆன்'. சர்வர்ல லாகின் திரை வந்த பிறகு எம்சிபியைத் தூக்கி விடுங்க.

லவ்டேல் லினக்ஸ் | 26 அக்டோபர், மாலை 4:00

4 லினக்ஸ் பெட்டியை யாரும் தொடவே இல்லையே.

அதுக்கு டிஸ்க்கே வேண்டாம். ஒரு பழைய பிசியில எல்டிஎஸ்பி (பெட்டிகளுக்கு லினக்ஸை நெட்வொர்க் வழியா கொடுக்கற மென்பொருள்) போட்டு நெட்வொர்க்ல இருந்து பூட் பண்ணுங்க. உங்க டிஎச்சிபி விண்டோஸ் சர்வர்ல இருக்கறதால எல்டிஎஸ்பியோட டிஎன்எஸ்மாஸ்க்ங்கற புரோகிராமை ப்ராக்ஸி டிஎச்சிபி முறையில விட்டா போதும். ஐபியை அது தொடாது, பூட் தகவலை மட்டும் சொல்லும். 2019-ல் எல்டிஎஸ்பியை முழுசா மாத்தி எழுதிட்டாங்க, அதனால பழைய பாடங்களைப் பார்த்து எல்டிஎஸ் டாட் கான்ஃப் எழுதாதீங்க. இப்ப கோப்போட பேர் எல்டிஎஸ்பி டாட் கான்ஃப், ஈடிசிக்குள்ள எல்டிஎஸ்பி ஃபோல்டர்ல இருக்கும். உள்ளே ஒவ்வொரு பெட்டிக்கும் சதுர அடைப்புல மேக் முகவரி, அதுக்குக் கீழே அந்தப் பெட்டிக்கு என்ன பேர், எந்த யூசர்ல தானா நுழையணும் எல்லாம். 4 பெட்டியோட அமைப்பும் ஒரே கோப்புல, ஒரே பக்கத்துல.

பெட்டி கெட்டுப்போனா புதுப் பெட்டியோட மேக்கை அந்த வரியில மாத்தினா முடிஞ்சது. பெட்டிக்குப் பக்கத்துல கூடப் போக வேண்டாம்.

லவ்டேல் லினக்ஸ் | 27 அக்டோபர், காலை 6:40

முக்கியமானதை விட்டுட்டேன். அந்தக் கோப்பை மாத்தினா மட்டும் போதாது. 'எல்டிஎஸ்பி இனிட்ஆர்டி' கட்டளையை ஓட்டணும், அப்பதான் மாத்தினது பெட்டிக்குப் போகும். ஓட்டாம நாலு தடவை ரீஸ்டார்ட் பண்ணிட்டு 'மேக் தப்பா இருக்குமோ'ன்னு தேடறது எல்லாரும் செய்யறதுதான்.

ஆட்டோ லாகினுக்கான பாஸ்வேர்டை அந்தக் கோப்புல பேஸ் 64-ல எழுதுவோம். அது பூட்டு இல்லை, வெறும் எழுத்து மாத்தம். யார் வேணா ஒரு நொடியில திருப்பிடலாம். அந்த யூசருக்கு ஒண்ணுமில்லாத உரிமைதான் இருக்கணும்.

அப்புறம், இந்தப் பெட்டியில இருந்து உங்க விண்டோஸ் சர்வருக்கு எக்ஸ்ஃப்ரீஆர்டிபிங்கற ரிமோட் டெஸ்க்டாப் புரோகிராம்தான் போகும். அது முதல் தடவை பார்த்த சர்வர் சர்ட்டிபிகேட்டை ஞாபகம் வச்சுக்கும். சர்வர் தானே தயாரிச்சுக்கற ஆர்டிபி சர்ட்டிபிகேட்டுக்கு ஆயுள் 6 மாசம். முடிஞ்சதும் புதுசு போட்டுக்கும். அன்னிக்கு 4 பெட்டியும் சேர்ந்து 'சர்ட்டிபிகேட் மாறியிருக்கு'ன்னு நிக்கும், திரையில கேள்வி தெரியாட்டி வெறும் கறுப்புதான். சர்ட்டிபிகேட்டையே கண்டுக்காதேன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதைப் போடச் சொல்ல மாட்டேன். நீங்களே நீண்ட ஆயுள்ல ஒரு சர்ட்டிபிகேட் போட்டு அதை நம்பச் சொல்லுங்க.

கொடைக்கானல் குளிர் | 27 அக்டோபர், 9:15

இங்கே குரங்கு கேபிளையே உருவிக்கிட்டுப் போகுது. அதுக்கு எந்தக் கான்ஃப் கோப்பு சார்?

லவ்டேல் லினக்ஸ் | 27 அக்டோபர், 9:40

பிவிசி குழாய். கூரைக்கு மேல தொங்க விடாம சுவரோட ஒட்டி இறக்குங்க.

கோத்தகிரி லேப் | 28 அக்டோபர், காலை 11:00

எம்சிபி வேலை செய்யுது. போர்ட்ஃபாஸ்டும் போட்டாச்சு. இப்ப என் முதல் கேள்விக்கு வருவோம். பாஸ்வேர்டை உள்ளே போடலாமா? பொறுமையில்லாம நேத்து ரெண்டு பெட்டியில ஒரே லாகினை வச்சுப் பார்த்தேன். ரெண்டாவது பெட்டி உள்ளே போனதும் முதல் பெட்டி வெளியே விழுந்தது, 'இன்னொருவர் இணைந்ததால் உங்கள் இணைப்பு போனது'ன்னு.

குன்னூர் சர்வர் | 28 அக்டோபர், 12:20

அதான் நான் சொன்ன நாலாவது. ஒரு யூசருக்கு ஒரே செஷன், அதாவது ஒரே திறந்த டெஸ்க்டாப்தான்னு சர்வர்ல இயல்பாவே இருக்கும். 14 பெட்டியும் ஒரே பேர்ல வந்தா ஒருத்தர் திரையை இன்னொருத்தர் பறிச்சுக்கிட்டே இருப்பாங்க. அந்த விதியைத் தளர்த்தினா 14 செஷன் வரும், ஆனா 14-ம் ஒரே ப்ரொஃபைல்ல (யூசரோட சொந்த ஃபோல்டர்) மோதும். பிரவுசர் 'ஏற்கெனவே ஓடுது'ன்னு திறக்காது.

லேப்01-ல இருந்து லேப்14 வரைக்கும் 14 யூசர் போடுங்க, பெட்டிக்கு ஒண்ணு. மானிட்டர் நெத்தியில நம்பரை ஒட்டுங்க. மலையில இதுக்கு இன்னொரு லாபம் உண்டு. கரண்ட் போனா பெட்டி போகும், யூபிஎஸ்ல இருக்கற சர்வர்ல செஷன் உயிரோடதான் இருக்கும். கரண்ட் வந்து அதே பெட்டியில அதே பேர்ல நுழைஞ்சா, பாதி அடிச்ச பக்கம் பாதியிலயே நிக்கும். அதுக்காக, துண்டிச்ச செஷனை முடிக்கற நேரத்தை 10 நிமிஷம்னு எல்லாம் வைக்காதீங்க. 2 மணி நேரம் வைங்க. சாயங்காலம் தானா சுத்தமாயிடும்.

பாஸ்வேர்டு விஷயத்துல ரெண்டு லாகினைக் குழப்பிக்கறோம். பெட்டிக்குள்ள நுழையற லாகின் ஒண்ணு, சர்வருக்குள்ள நுழையறது இன்னொண்ணு. பெட்டி லாகின் தானா நுழையட்டும், உரிமையில்லாத யூசர், கெடுதல் இல்லை. சர்வர் பாஸ்வேர்டை மனுஷன்தான் அடிக்கணும்.

கோத்தகிரி லேப் | 28 அக்டோபர், 12:50

பத்து வயசுப் பசங்க டைப்பிங் கத்துக்க வர்றாங்க அண்ணா. @ எங்கே இருக்குன்னு தேடறதுலயே கால் மணி நேரம் போயிடும். அப்புறம் தமிழ் 99 கீபோர்டு அமைப்பைப் போட்டுப் பழகற பசங்க லாகின் திரையிலயும் தமிழ்லயே அடிக்கிறாங்க.

குன்னூர் சர்வர் | 29 அக்டோபர், காலை 7:30

தமிழுக்கு முதல்ல. ரிமோட் செஷன் திறக்கும்போது பெட்டியோட கீபோர்டு அமைப்பை சர்வருக்குக் கடத்தும். அதைத் தடுக்க சர்வர் ரெஜிஸ்ட்ரியில, கரன்ட் கன்ட்ரோல் செட்டுக்குள்ள கன்ட்ரோல், அதுக்குள்ள கீபோர்டு லேஅவுட்டுங்கற இடத்துல, 'இக்னோர் ரிமோட் கீபோர்டு லேஅவுட்'னு இடைவெளியில்லாத ஒரே சொல்லா டிவேர்டு (எண் வகைப் பதிவு) போட்டு மதிப்பு 1. பெட்டியில ஆங்கிலம் மட்டும் வைங்க. தமிழ் 99 சர்வர் செஷனுக்குள்ள மட்டும் இருக்கட்டும்.

பாஸ்வேர்டு: கூடவே கூடாதுன்னேன், இப்ப கொஞ்சம் இறங்கி வர்றேன். சின்னப் பசங்க பெட்டிக்கு மட்டும், இந்த நிபந்தனையோட சேமிச்சுக்கலாம். அந்த யூசர் சர்வர்ல ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ் குழுவுல மட்டும் இருக்கணும், அட்மின் வாசனையே கூடாது. பெட்டியோட டிரைவை சர்வருக்குக் கடத்தறதை நிறுத்தணும். பதினாலுக்கும் பதினாலு பாஸ்வேர்டு.

சேமிக்கும்போது கிரெடென்ஷியல் மேனேஜர்ல (விண்டோஸ் பாஸ்வேர்டு சேமிக்கற இடம்) எந்தப் பேர்ல சேமிக்கிறீங்களோ அதே பேர்லதான் இணைக்கணும். சர்வர் பேர்ல சேமிச்சுட்டு ஐபி போட்டு இணைச்சா மறுபடி கேட்கும். நான் பேர்லதான் இணைப்பேன். சர்வர் ஐபி என்னைக்காவது மாறினா டிஎன்எஸ்ல (பேருக்கு ஐபி சொல்ற பட்டியல்) ஒரு வரி மாத்தினா போதும், ஐபியை 14 இடத்துல எழுதி வச்சா 14 தடவை ஃபில்டரை எடுக்கணும், 25 நிமிஷக் கணக்குல. அத்தனையும் செஞ்சும் கேட்டா, சர்வர்ல 'எப்பவும் பாஸ்வேர்டு கேள்'ங்கற பாலிசி ஆன்ல இருக்கும், பாருங்க.

கூடலூர் மழை | 29 அக்டோபர், இரவு 9:10

சேமிச்ச பாஸ்வேர்டுல ஃபில்டர் செய்யற குசும்பை யாரும் சொல்லல. சர்வர்ல பாஸ்வேர்டை மாத்தறீங்க. பெட்டியிலயும் மாத்தறீங்க, ஃபில்டர் எடுக்க மறந்துட்டு. அன்னிக்கு நல்லா ஓடும். மறுநாள் கரண்ட் போய் வந்ததும் பெட்டியில பழைய பாஸ்வேர்டு உயிர்த்தெழும். தானா இணையற அமைப்புன்னா விடாம பழசையே அடிச்சுக்கிட்டிருக்கும், லாக்அவுட் எண்ணிக்கை வச்சிருந்தா கணக்கு பூட்டிடும். நீங்க திறந்து விட, அது மறுபடி பூட்ட. சர்வரோட செக்யூரிட்டி லாக்ல 4740-ங்கற நிகழ்வு எண்ணைத் தேடுங்க, எந்தப் பெட்டியில இருந்து பூட்டினதுன்னு பேர் இருக்கும். தப்பா அடிச்ச ஒவ்வொரு முயற்சிக்கும் 4625.

பெட்டிகளுக்கு ஒழுங்கா பேர் வச்சிருந்தாதான் இது உதவும். 14-லயும் தொழிற்சாலைப் பேரே இருந்தா கண்ணைக் கட்டி விட்ட மாதிரி.

லவ்டேல் லினக்ஸ் | 30 அக்டோபர், காலை 7:00

ரிமோட் டெஸ்க்டாப்புக்கு லைசென்ஸ் வாங்கியாச்சா? கேட்கறேன்னு கோவிச்சுக்காதீங்க.

கோத்தகிரி லேப் | 30 அக்டோபர், 10:10

யூசர் கணக்குல (ஆளுக்கு ஒண்ணு) 15 வாங்கச் சொன்னாங்க. இன்னும் வாங்கல. 120 நாள் சலுகைக் காலம் ஓடிக்கிட்டிருக்கு.

குன்னூர் சர்வர் | 30 அக்டோபர், 10:25

நிறுத்துங்க. ஒர்க்குரூப்ல யூசர் கணக்கு லைசென்ஸ் ஒத்து வராது. சர்வர் 2019-ல ஒர்க்குரூப்போட அதைப் போட்டா '60 நிமிஷத்துல துண்டிப்பேன்'னு சொல்லித் துண்டிச்சுக்கிட்டே இருக்கும். உங்களுக்கு டிவைஸ் கணக்குதான். 14 பெட்டி, 14 லைசென்ஸ்.

டிவைஸ் லைசென்ஸ் பெட்டியோட ரெஜிஸ்ட்ரியில எழுதப்படும். மறுபடி ஃபில்டர்! எழுதினது ரீஸ்டார்ட்ல போயிடும். யுடபிள்யூஎஃப்ல டொமைன் ரகசியத்துக்கு இருக்கற மாதிரியே இதுக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு, 'டிஎஸ் கால்' (இந்த லைசென்ஸோட பேர்) காப்பாத்துன்னு. அது ஆன்ல இருக்கணும். முதல் தடவை மட்டும் ரிமோட் டெஸ்க்டாப்பை அட்மினிஸ்ட்ரேட்டரா ஓட்டி ஒரு தடவை இணைங்க, சாதா யூசருக்கு அந்த ரெஜிஸ்ட்ரி இடத்துல எழுத உரிமை இருக்காது.

கழிச்ச பெட்டியோட லைசென்ஸ் உடனே திரும்பாது. 52-ல இருந்து 89 நாளுக்குள்ள ஏதோ ஒரு நாள் தானா காலாவதியாகி சர்வருக்கு வந்து சேரும். புதுப் பெட்டி மாட்டும்போது இதை மனசுல வச்சுக்குங்க.

கூடலூர் மழை | 30 அக்டோபர், இரவு 10:00

தலைப்பை விட்டுக் கொஞ்சம் விலகறேன். சர்வர் அதே கட்டடத்துல இல்லாம கோயம்புத்தூர்ல இருந்து விபிஎன் (இன்டர்நெட் மேல போடற தனிப் பாதை) வழியா வர்றவங்களுக்கு. லாகின் கட்டம் வரும், பாஸ்வேர்டு ஏத்துக்கும், அப்புறம் கறுப்புத் திரை. பாஸ்வேர்டைக் குறை சொல்லாதீங்க, பாக்கெட் அளவு. சின்னச் சின்ன லாகின் பாக்கெட் போயிடும், திரைப் படம் பெரிய பாக்கெட், இடையில மாட்டிக்கும். பிங்கைத் துண்டாக்காதேன்னு சொல்லி 1464-ல ஆரம்பிங்க, அது பிபிபிஓஈயோட (பிராட்பேண்ட் இணைப்பு முறை) 1492-ல இருந்து பாக்கெட் தலைப்புக்கான 28 கழிச்சது. பதில் வர்ற வரைக்கும் பத்துப் பத்தாக் குறைங்க. வந்த எண்ணோட 28 கூட்டி விபிஎன் எம்டியூவா (ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச அளவு) வைங்க.

அதுக்கும் மசியலைன்னா பெட்டிப் பக்கம் யுடிபிங்கற அனுப்பும் முறையை நிறுத்துங்க, அதுக்குத் தனி பாலிசி இருக்கு. நாலு சொட்டு மழைக்கே பாக்கெட் சிந்தற லைன்ல டிசிபிங்கற இன்னொரு முறை மெதுவானாலும் தாங்கும். இங்கே ஜூன், ஜூலையில நாங்க பட்டதை நீங்க ஐப்பசி, கார்த்திகையில படுவீங்க.

கோத்தகிரி லேப் | 4 நவம்பர், காலை 9:45

தீபாவளிக்கு 4 நாள் மூடியிருந்தோம். இன்னிக்குத் திறந்ததும் தேதி போன பெட்டி ரெண்டு இல்லை, 5. நாலு நாள் கரண்ட் இல்லாம இருந்ததுல மிச்சம் மூணும் காட்டிக் கொடுத்துடுச்சு. 5 செல் வாங்கிப் போட்டாச்சு, ஒண்ணுல மட்டும் வயர் வச்ச செல். பழைய செல்லோட பின்னை வெட்டாம எடுத்து வச்சிருக்கேன், கடைக்காரர் அதையே புது செல்லுல வச்சுத் தர்றேன்னார்.

குன்னூர் சர்வர் | 4 நவம்பர், 10:30

செல்லை மாத்தும்போதே அந்தப் பெட்டியில பயாஸைத் திரும்பப் பாருங்க. செல் செத்தப்ப 'கரண்ட் வந்த பிறகு' வரியும் பழைய நிலைக்குப் போயிருக்கலாம். பயாஸ் பாஸ்வேர்டையும் மாத்துங்க. தொழிற்சாலை பாஸ்வேர்டு என்னன்னு பசங்க தேடினா கிடைச்சுடும்.

கோத்தகிரி லேப் | 9 நவம்பர், மாலை 5:30

13 பெட்டி எம்சிபி போட்டதும் தானா வந்து நிக்குது. 5 சின்னப் பசங்க பெட்டியில மட்டும் பாஸ்வேர்டு சேமிச்சிருக்கேன், மத்ததுல அடிக்கறாங்க. பாஸ்வேர்டுல @ கிடையாது, # கிடையாது.

12-ம் நம்பர் மட்டும் அடம். மத்த விண்டோஸ் பெட்டியில இருக்கற அதே அமைப்பு, ஃபில்டர் ஆன், ரெண்டு தடவை சரிபார்த்தேன். ஆனா ஆட்டோ லாகின் ஆகவே மாட்டேங்குது. ஒவ்வொரு தடவையும் யார்னு கேட்டுக்கிட்டு நிக்குது.

குன்னூர் சர்வர் | 9 நவம்பர், 5:41

கீபோர்டுல இடது ஷிஃப்ட்டைப் பாருங்க. மேலே வருதா, அமுங்கியே கிடக்குதா?

கோத்தகிரி லேப் | 9 நவம்பர், 6:02

அமுங்கித்தான் கிடந்தது. கீயைக் கழட்டினா அடியில வர்க்கித் தூள். தட்டி விட்டேன், 12-ம் உள்ளே வந்துடுச்சு.